பால் காய்ச்சியதும் முதலில் பிரிக்க வேண்டிய பெட்டி

என் கணவருக்கு வங்கி வேலை. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை, கோடையில் மாறுதல் உத்தரவு வந்துவிடும். விருதுநகரிலிருந்து பாளையங்கோட்டை, அங்கிருந்து கோயம்புத்தூர் என்று இரண்டு முறை வீடு மாற்றியிருக்கிறேன். பிள்ளைகளோடு வீடு மாறுகிறவர்களுக்குச் சொல்ல, முதல் முறை செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது மகளுக்கு நாலு வயது. காலைச் சுற்றிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது என்று ஆச்சி வீட்டில் விட்டுவிட்டுச் சாமான் கட்டினோம். எல்லாம் அடுக்கி முடித்துப் பத்து நாள் கழித்துக் கூட்டிவந்தேன். புது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, "இங்க வேண்டாம், நம்ம வீட்டுக்குப் போவோம்மா" என்றாள். பழைய வீடு காலியானதை அவள் கண்ணால் பார்க்கவில்லை. அவள் மனதில் அந்த வீடு அப்படியே இருந்தது. மூன்று மாதம் அந்தக் கேள்வி நிற்கவே இல்லை.

அதனால் பிள்ளைகளை எங்கேயும் அனுப்பாதீர்கள். அவர்கள் பார்க்கவே சாமான் கட்டுங்கள். உத்தரவு கைக்கு வந்த அன்றே சொல்லிவிடுங்கள்; நீங்கள் போனில் பேசுவதைக் கேட்டு அவர்களாகத் தெரிந்துகொள்ளக் கூடாது. இரண்டாவது முறை மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, நம்மோடு வருபவை, வராதவை என்று மூவரும் உட்கார்ந்து எழுதினோம். சைக்கிள் வரும். பவழமல்லி மரம் வராது. எதிர்வீட்டு அத்தை வரமாட்டார்கள். வராததை வரும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மகள் அழுதாள். அழட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பள்ளி வேலையை ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு பார்த்துவிடுங்கள். டிசி எனும் மாற்றுச் சான்றிதழ் வாங்குவதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில், பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்கு விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் புதுப் பள்ளி தன் பட்டியலில் சேர்க்க முடியாது. ஊர் தாண்டிய பிறகு இதற்காக அலைவது பெரிய பாடு. அலுவலகத்தில் நின்று, முடிந்ததா என்று கேட்டுவிட்டு, எமிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள். எட்டாம் வகுப்பு வரை, டிசி தாமதமாகிறது என்பதற்காக அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

ஜூனில் பள்ளி திறக்கும், அதற்கடுத்த மாத நடுவில் ஆடி பிறந்துவிடும். எங்கள் வீட்டில் வைகாசியிலேயே பால் காய்ச்சிவிடுவோம். பள்ளி திறக்குமுன் பிள்ளைகளுக்குத் தெரு பழக இரண்டு வாரமாவது கிடைக்கும்.

கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து வவுச்சர் வாங்குங்கள். புது ஊரில் அதைக் காட்டி இணைப்பு பெறலாம். கரண்ட் மீட்டரைக் கடைசி நாளில் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

சாமான் கட்ட, மளிகைக் கடை அண்ணாச்சியிடம் சொல்லிவைத்தால் அட்டைப்பெட்டி கிடைக்கும். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி போதும், பெரிதில் போட்டால் யாராலும் தூக்க முடியாது. பீங்கான் தட்டைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, இடையிடையே துண்டோ பழைய சேலையோ கொடுங்கள். பெட்டி எண்ணைப் பக்கவாட்டில் எழுதுங்கள், அடுக்கிய பிறகு மேல்பக்கம் தெரியாது. கிரைண்டர் கல்லைத் தனியே எடுத்துச் சாக்கில் சுற்றுங்கள். பிரிட்ஜை இறக்கியதும் போட்டுவிடாமல் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்திருங்கள். ஊருக்குள்ளேயே மாறுபவர்களுக்குக் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி இரண்டு நடை போதும். எங்களைப் போல முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்கள் லாரிக்காரரிடம் லோடுமேன் கூலி, மாடிக் கூலி எல்லாம் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி பிள்ளைகளின் பெட்டி. ஆளுக்கு ஒன்று கொடுத்து, அதை அவர்களே கட்டட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் தரம் பிரிக்காதீர்கள். மகன் தாமிரபரணிக் கூழாங்கல் ஒரு டப்பா நிறைய வைத்தான். கடைசியாகக் கட்ட வேண்டியதும் முதலில் பிரிக்க வேண்டியதும் இந்தப் பெட்டிகள்தான். தலையணை உறையைத் துவைக்காமல் அப்படியே எடுத்துவாருங்கள். புது அறையில் முதல் ராத்திரி பழைய வாசனை ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: மகனின் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் சமையல் பாத்திரத்தோடு போய்விட்டது. அது கிடைக்க நாலு நாள் ஆனது, நாலு நாளும் அவன் பாலைத் தொடவில்லை. டம்ளர், மருந்து, பிறப்புச் சான்றிதழ், டிசி, தடுப்பூசி அட்டை எல்லாம் உங்கள் கைப்பையில் வரட்டும்.

கிளம்பும் காலையில் காலி அறை ஒவ்வொன்றிலும் பிள்ளைகளை நடக்கவிடுங்கள். மகன் காலி ஹாலில் தன் பெயரைக் கத்தி எதிரொலி கேட்டான். மகள் பவழமல்லி அடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். போய்ச் சேர்ந்த இடத்தில் சாமி படம், உப்பு, மஞ்சள், குடத்துத் தண்ணீரை அவர்கள் கையில் கொடுத்து உள்ளே போகச் சொல்லுங்கள். பால் பொங்கியதும் ஹாலைத் தொடாதீர்கள், அவர்கள் பெட்டியைப் பிரியுங்கள்.

கோயம்புத்தூரில் எங்களுக்குச் சிரமமாக இருந்தது பேச்சு. வகுப்பில் மகள் "ஏளா, இங்க வா" என்று ஒரு பெண்ணைக் கூப்பிட, அந்தப் பெண் முகம் வாடிவிட்டது. அங்கே சின்னப் பிள்ளையைக்கூட "வாங்க, போங்க" என்பார்கள். மகள் ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. நம் பேச்சு தப்பு என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பாளையங்கோட்டையில் ஏளா என்பது பாசம், இங்கே வாங்க என்பது பாசம் என்று சொன்னேன். வீட்டில் நாங்கள் பழையபடியே பேசினோம். இரண்டு மாதத்தில் பள்ளிக்கு ஒரு பேச்சு, வீட்டுக்கு ஒரு பேச்சு என்று அவளே பிரித்துக்கொண்டாள். சிறுவாணித் தண்ணீர் மட்டும் முதல் நாளிலிருந்தே இருவருக்கும் பிடித்துப்போனது.

திரும்பிப் போய்ப் பார்க்கும் தேதியைக் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நாங்கள் காலாண்டு விடுமுறை என்று சொல்லியிருந்தோம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். அன்று காலை எட்டு மணிக்கு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் டிக்கெட் போட்டேன். வர டிக்கெட்டையும் அதற்கு முன்பதிவு திறந்த அன்றே சேர்ந்து எடுத்தோம். திரும்பி வரும் ரயிலுக்கு ஊர்ப் பெயரை அவளே தட்டினாள்: திருநெல்வேலியிலிருந்து, கோயம்புத்தூருக்கு.