“அது உங்க கருத்து மாமா”: நன்மை தீமை பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வாழும் தமிழர் வீடுகளில் ஒரு கேள்வி எழும்: சேவல் அறுக்கலாமா? “உயிரைக் கொல்வது பாவம், அதில் பேச்சே இல்லை” என்பார் மாமா. “அது உங்க கருத்து மாமா, அவங்கவங்க வழக்கம் அவங்கவங்களுக்கு” என்பான் மருமகன். இருவரும் பேச்சைத் தொடங்கிய இடத்திலேயே முடித்துவிடுகிறார்கள். நன்மை தீமை அறுதியானதா, ஆளுக்கு ஆள் மாறுவதா என்ற பெரிய கேள்வி இங்கே ஒளிந்திருக்கிறது. அதைப் பேசுகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு, ‘அறுதியானது’ என்ற ஒரே சொல்லில் மூன்று கேள்விகளைக் கட்டிவைப்பது. இந்த விதி எல்லா மக்களுக்கும் பொருந்துமா? இதற்கு விதிவிலக்கே கிடையாதா? நாம் என்ன நினைத்தாலும் இது மாறாததா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்பவர் மற்றதற்கு ‘இல்லை’ என்று தாராளமாகச் சொல்லலாம். கொலைகாரன் வந்து கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் எழுதினார் ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது 292ஆம் குறள். வள்ளுவர் விதிவிலக்குத் தருகிறார். அதனால் அறம் அவரவர் விருப்பம் என்று அவர் சொன்னதாகிவிடாது. காய்ச்சல் மருந்தின் அளவு குழந்தையின் எடைக்கு ஏற்ப மாறுகிறது. அதற்காக அந்த அளவு கொடுப்பவரின் ரசனை என்று யாரும் சொல்வதில்லை. சூழலுக்கு ஏற்ப மாறுவது வேறு, கருத்துக்கு ஏற்ப மாறுவது வேறு. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

டர்பன் பெண்கள் பள்ளி ஒன்றின் மூக்குத்தி வழக்கு இதற்கு நல்ல பாடம். தென்னிந்திய மரபுப்படி மூக்குத்தி அணிந்த மாணவிக்குச் சீருடை விதியிலிருந்து விலக்குத் தரப் பள்ளி மறுத்தது. விதி எல்லாருக்கும் ஒன்றுதானே என்பது பள்ளியின் வாதம். விலக்கு மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீருடை விதி வளைந்தது. சமத்துவம் என்ற கொள்கை வளையவில்லை. விதியையும் அதன் பின்னால் நிற்கும் கொள்கையையும் ஒன்றாக எண்ணுகிறவர்கள், விலக்கு ஒன்றைக் கண்டதும் ‘அறமே போயிற்று’ என்று பதறுவார்கள். பதற வேண்டியதில்லை.

அடுத்தது, வழக்கம் வேறுபடுவதைப் பார்த்ததும் உண்மையே இல்லை என்று முடிவுகட்டுவது. பாரசீக மன்னன் டேரியஸ் கிரேக்கர்களிடம், இறந்த தந்தையரின் உடலை உண்பீர்களா என்று கேட்டானாம்; திகைத்துப்போய் மறுத்தார்கள். உண்ணும் வழக்கமுள்ள இந்தியக் குடியினரிடம், எரிப்பீர்களா என்று கேட்டான், அவர்கள் அலறினார்கள். பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த கதை இது. இதைச் சொல்லி ‘எல்லாம் வழக்கம்தான்’ என்று முடிப்பவர்கள், இரு தரப்பும் இறந்தவரை மதிக்கவே விரும்பின என்பதைக் கவனிப்பதில்லை. நம் ஊரிலும் அப்படித்தான்: நாம் பெரும்பாலும் எரிக்கிறோம், அண்டைவீட்டு ஜூலுக் குடும்பம் புதைக்கிறது. வடிவம் இரண்டு, மதிப்பு ஒன்று. உண்மையிலேயே மதிப்பும் வேறுபடும் இடங்கள் உண்டு; ஆனால் அதைத் தேடிப் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

‘எல்லாம் கருத்துதான்’ என்றால் சகிப்புத்தன்மை வளரும் என்ற நம்பிக்கை நல்ல மனத்திலிருந்து வருவது. ஆனாலும் அது தவறு. “யாரும் அடுத்தவர் பண்பாட்டைக் குறை சொல்லக்கூடாது” என்பதே எல்லாருக்கும் போடப்பட்ட ஒரு விதிதானே? எல்லாம் கருத்து என்றால், சகிக்க மாட்டேன் என்பவனின் கருத்துக்கும் அதே எடைதான். இந்த நாட்டில் இது வெறும் ஏட்டு வாதமாக இருக்கவில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் தனிப் பண்பாடு, ஆகவே தனி வளர்ச்சி என்ற பேச்சைத்தான் இனவொதுக்கல் (அபார்தைட்) அரசு தன் கொள்கைக்குப் போர்வையாகப் போர்த்திக்கொண்டது. 1948இல் மனித உரிமைகளுக்கான உலகளாவிய அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஆதரிக்காமல் ஒதுங்கி நின்ற 8 நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று.

பெரும்பான்மையோ சட்டமோ சொன்னால் அதுவே சரி என்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு, பலதார மணத்துக்கு இடம்கொடுக்கும் மதங்களின் சடங்குப்படி நடந்த திருமணங்கள் செல்லாது என்றது. தாலி கட்டி வாழ்ந்த நம் பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர்கள் ஆனார்கள். அதை எதிர்த்துச் சிறை சென்றவர்களில் ஒருவர் தில்லையாடி வள்ளியம்மை. நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22இல், 16 வயதில் இறந்தார். சமூகம் ஏற்பதே சரி என்றால், அன்று தவறு செய்தவர் வள்ளியம்மை என்றாகிறது. எந்தச் சீர்திருத்தக்காரரும் அந்தக் கணக்கில் தவறானவரே. எந்தச் சமூகத்தைக் கணக்கில் எடுப்பது என்பதற்கும் அங்கே விடை இல்லை: தென்னாப்பிரிக்காவா, நேட்டால் மாகாணமா, கரும்புத் தோட்டமா? மரண தண்டனையை ஒழித்த 1995 தீர்ப்பில், மக்கள் கருத்து நீதிமன்றத்தின் கடமைக்கு ஈடாகாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. மெய்யியலாளர்களிடம் 2020இல் நடத்திய கருத்தாய்வில் ஏறத்தாழ 62 சதவீதத்தினர் அறவுண்மைகள் உண்டு என்ற பக்கம் நின்றார்கள். அதுவும் தலையெண்ணிக்கைதான், ஆதாரமாக நீட்டாதீர்கள்.

மாமாவின் பக்கத் தவறும் சிறியதல்ல. சரியான விடை உண்டு என்பதிலிருந்து, அது என் கையில் இருக்கிறது என்று தாவுவது அது. இனவொதுக்கலுக்குக் கிறித்தவ வேதத்தில் ஆதாரம் காட்டிய டச்சு சீர்திருத்தத் திருச்சபையினருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு அந்தப் போதனையையே மதப்புரட்டு என்று அறிவித்தது. உண்மை நம் கருத்தைச் சாராதது என்று நம்புகிறவரே, தன் கருத்து தவறாக இருக்கலாம் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, சேவலுக்கு வருவோம். ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம், விசாரித்து அறியக்கூடியவை: அறுக்கும்போது பறவை எவ்வளவு நேரம் துடிக்கிறது, கத்தி தீட்டியிருக்கிறதா, அம்மனுக்குப் பலி வேண்டும் என்பது குடும்பத்தில் எங்கிருந்து வந்தது, பூசணிக்காய் வெட்டினால் நேர்த்தி நிறைவேறியதாகப் பெரியவர்கள் ஏற்பார்களா. வலப்பக்கம், எடைபோட வேண்டியவை: பறவையின் வலிக்கு எவ்வளவு மதிப்பு, கொடுத்த வாக்குக்கு எவ்வளவு மதிப்பு. இடப்பக்கத்தை முடிக்காமல் வலப்பக்கம் போகாதீர்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் நிலைக்கு ஒரு காரணம் எழுதட்டும். அந்தக் காரணத்தை எழுதியவர் மீதே திருப்பிப் பாருங்கள். வலிதான் காரணம் என்றால், கடையில் வாங்கிய கோழியை ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்கும் மாமா அந்தக் கோழி வளர்ந்த கூண்டைப் பற்றிப் பேச வேண்டும். வழக்கம்தான் காரணம் என்றால், தாலி கட்டியவர்களை மனைவி இல்லை என்ற 1913ஆம் ஆண்டு வழக்கத்தை ஏன் ஏற்கவில்லை என்று மருமகன் சொல்ல வேண்டும்.