போர் தண்ணீரில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை? மூன்று பாட்டிலில் பார்த்துவிடலாம்

பெங்களூர் அல்சூரில் இருந்தவரை எங்களுக்குக் காவிரித் தண்ணீர். ஒயிட்ஃபீல்டு பக்கம் குடிவந்த முதல் நாளே அம்மா, "என்னடா இது, சோப்புதான் தேயுது, நுரையே வரல" என்றார். சோப்பின் மேல் தப்பில்லை. இங்கே வருவது போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்.

மூடியுள்ள மூன்று சின்ன பாட்டில், குளியல் சோப்புச் சீவல், நல்லெண்ணெய், ஆர்.ஓ. தண்ணீர், போர் தண்ணீர், கொஞ்சம் சலவை சோடா போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். டிசம்பர் காலையில் பெங்களூரில் அது கட்டியாகத்தான் கிடக்கும். சீவலை வெந்நீரில் கரைத்து வையுங்கள்.

1. முதல் பாட்டிலில் பாதிக்கு ஆர்.ஓ. தண்ணீர், ஒரு ஸ்பூன் எண்ணெய். குலுக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே தனியாக நிற்கும். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எண்ணெயை உள்ளே விடுவதில்லை.

2. அதிலேயே இரண்டு ஸ்பூன் சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்குங்கள். மோர் மாதிரி வெளுத்துவிடும். இங்கேதான் விஷயமே இருக்கிறது. சோப்பு மூலக்கூறு ஒரு தலைப்பிரட்டை போல. சோப்பில் இருக்கும் சோடியம் ஸ்டியரேட் என்ற பொருளை எடுத்துக்கொண்டால், வால் 17 கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி. அதற்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய்தான் பிடிக்கும். எதிர்மின்சுமை கொண்ட தலையோ தண்ணீர்ப் பக்கம். குலுக்கும்போது உடைகிற ஒவ்வொரு எண்ணெய்த் துளியிலும் வால்கள் உள்ளே குத்தி நிற்கும், தலைகள் வெளியே சூழ்ந்து நிற்கும். எல்லாத் துளிகளுக்கும் வெளியே ஒரே வகை மின்சுமை என்பதால் ஒன்றையொன்று தள்ளும். லேசில் மறுபடி சேராது. அலசினால் தண்ணீரோடு போய்விடும். துணியைக் கசக்குவதும் இந்தக் குலுக்கல்தான்.

3. இரண்டாவதில் ஆர்.ஓ. தண்ணீர், மூன்றாவதில் போர் தண்ணீர். எண்ணெய் வேண்டாம். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, எத்தனை சொட்டில் நுரை நிற்கிறது என்று எண்ணுங்கள். போர் தண்ணீரில் முதலில் திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள்தான் வரும். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பின் தலையைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடும். பக்கெட் ஓரத்துப் பிசுக்கு இதுதான். இவை தீர்ந்த பிறகுதான் சோப்பு அழுக்கைக் கவனிக்கும்.

4. மூன்றாவதைக் கழுவி, புதுப் போர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சலவை சோடா கலந்து பத்து நிமிடம் விடுங்கள். கால்சியம் சுண்ணாம்புத் தூளாக அடியில் இறங்கும். அப்புறம் சோப்பு விட்டால் நுரை சீக்கிரம் வரும். துணிக்கு மட்டும் சரி. தோலுக்குச் சலவை சோடா ரொம்பக் காரம்.

டிடர்ஜெண்ட் பவுடருக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் தலை சல்போனேட் வகை. கால்சியத்திடம் அவ்வளவு எளிதில் சிக்காது.