குளிர்காலக் காட்டுப் பாதையில் மவுன்டன் பைக்: சேறு, வேர், உறைபனி

தென்கிழக்கு இங்கிலாந்தில் நவம்பர் முதல் மார்ச் வரை காட்டுக்குள் மவுன்டன் பைக் (கரடுமுரடான பாதைக்கான சைக்கிள்) ஓட்டப் போகிறவர் முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரானாலும், நனைந்த களிமண்ணில் நூறு மீட்டர் போவதற்குள் சக்கரம் மண் உருண்டையாகிவிடும்.

லண்டனுக்குத் தெற்கே சர்ரே குன்றுகளில் மூன்று வகை நிலம் அடுத்தடுத்து இருக்கிறது. வடக்கே நார்த் டவுன்ஸ் முகடு வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. நனைந்தால் சோப்புத் தேய்த்த தரைபோல வழுக்கும். தெற்கே தாழ்வான வீல்ட் பகுதி கனத்த களிமண். மழை பெய்தால் நாள்கணக்கில் ஊறிக் கிடக்கும். இடையில் லீத் ஹில் (294 மீட்டர்), ஹோம்பரி ஹில் (261 மீட்டர்), பிட்ச் ஹில் (257 மீட்டர்) ஆகியவை மணற்கல் முகட்டில் இருக்கின்றன. அங்கே மண் மணற்பாங்கு, தண்ணீர் விரைவில் கீழே இறங்கிவிடும். தொடர்ந்து மழை பெய்த வாரத்தில் இந்த மூன்று குன்றுகளையே தேர்ந்தெடுங்கள். களிமண் பாதைகளைக் கோடைக்கு விட்டுவிடலாம்.

எந்தப் பாதையில் போகலாம் என்பதற்குச் சட்டமும் உண்டு. 1968-ஆம் ஆண்டின் கன்ட்ரிசைடு சட்டம், குதிரைகள் செல்லும் பிரைடில்வே பாதைகளில் சைக்கிளுக்கு உரிமை தருகிறது. ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். நடப்பவர்களுக்கான ஃபுட்பாத் என்று குறித்த பாதைகளில் அந்த உரிமை கிடையாது.

டயரும் காற்றும்

சேற்றுக்கு உயரமான, இடைவெளி விட்டு அமைந்த பற்கள் கொண்ட டயர் வேண்டும். பற்கள் நெருக்கமாக இருந்தால் இடுக்கில் மண் அடைத்துக்கொள்ளும், டயர் சுழலும்போது அதை உதற முடியாது. இரண்டு டயரும் மாற்ற வசதியில்லையென்றால் முன் டயரை மாற்றுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் விழுவீர்கள். ரப்பர் மென்மையானதாக இருக்கட்டும். கெட்டி ரப்பர் குளிரில் மேலும் இறுகி, ஈர வேர்மேல் பிடிக்காது.

டியூப் இல்லாத 2.4 அங்குல டயரில் 75 கிலோ எடையுள்ளவர் முன்னே 20 முதல் 22 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு), பின்னே 23 முதல் 25 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். இங்கே பலர் கவனிக்காத ஒன்று: வீட்டுக்குள் 20 டிகிரியில் 22 பி.எஸ்.ஐ. அடித்தால், வெளியே 0 டிகிரியில் அது ஏறக்குறைய 19.5 ஆகிவிடும். டயர் ரிம்மில் மோதுவதற்கும் காற்றுக் கசிவதற்கும் இதுவே பல நேரம் காரணம். அதனால் வண்டி சிறிது நேரம் குளிரில் நின்றபின் காற்றை அளந்து சரிசெய்யுங்கள். டயருக்குள் இருந்து சிறு துளைகளை அடைக்கும் சீலன்ட் திரவத்தை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். 29 அங்குல டயருக்கு 100 முதல் 120 மில்லிலிட்டர் தேவை.

குளிரில் எண்ணெய் தடிப்பதால் அதிர்வைத் தாங்கும் முன் ஃபோர்க்கும் பின் ஷாக்கும் அமுங்கி மீள நேரம் எடுக்கும். மீளும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் திருகை ஒன்றிரண்டு கிளிக் வேகமான பக்கம் திருப்புங்கள். அவற்றின் காற்றழுத்தத்தையும் குளிரிலேயே அளக்க வேண்டும்.

பிரேக்கும் செயினும்

இங்குள்ள மணல் சேறு உப்புத்தாள் போன்றது. ஆர்கானிக் (ரெசின்) பிரேக் பேட் ஒரே நாள் ஈர ஓட்டத்தில் தேய்ந்து தகடு தெரியும் அளவுக்குப் போய்விடலாம். குளிர்காலத்துக்கு உலோகத் துகள் கலந்த சின்டர்டு பேட் போடுங்கள். போடுமுன் டிஸ்க்கில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பொறித்திருந்தால் சின்டர்டு பேட் அந்த டிஸ்க்கையே தின்றுவிடும். பேட்டின் உராயும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அதோடு கிளம்பாதீர்கள். புதுப் பேட்டை உலர்ந்த சாலையில் பழக்குங்கள்: மிதமான வேகத்திலிருந்து நடை வேகம் வரை, சக்கரம் பூட்டாமல், அழுத்தமாகப் பிடியுங்கள். இப்படி 20 முறை. பழக்காமல் நேரே சேற்றுக்குள் போனால் பேட் அலறும், பிடிக்காது.

செயினுக்கு ஈரகாலத்துக்கான எண்ணெய் ஒரு கண்ணிக்கு ஒரு துளி. முந்தைய இரவே விட்டு, காலையில் வெளிப்புறத்தைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். வெளியே தங்கும் எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு பற்சக்கரத்தை அரிக்கும். 12 ஸ்பீடு செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிடுங்கள். தாமதித்தால் கேசட்டையும் (பின் சக்கரத்தின் பற்சக்கரத் தொகுப்பு) சேர்த்து மாற்ற நேரும்.

ஓட்டும் விதம்

ஈர வேர்தான் குளிர்காலத்தின் பெரிய அபாயம். பீச், ஓக் மரங்களின் சருகு அதை மூடிவிடுவதால் கண்ணுக்கும் தெரியாது. வேரைக் குறுக்காக, கூடியவரை நேர்கோணத்தில் கடக்க வேண்டும். கடக்கும் நொடியில் பிரேக் கூடாது, மிதிக்கவும் கூடாது. வேருக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, பெடல்களைச் சமமட்டத்தில் வைத்து, கைகால் தளர்த்தி உருண்டு போக விடுங்கள். வேர் சரிவாக, உங்கள் திசைக்கு இணையாக ஓடினால் அதன்மேல் சக்கரத்தை வைக்காதீர்கள். ஒன்று தாண்டுங்கள், அல்லது அதன் மேட்டுப் பக்கமாகப் போங்கள்.

வளைவில் வண்டியை அதிகம் சாய்க்காதீர்கள். பிரேக்கெல்லாம் வளைவுக்கு முன்னுள்ள கெட்டித் தரையில் முடிந்துவிட வேண்டும். சேற்றில் ஏறும்போது ஒரு கியர் இலகுவாக்கி, இருக்கையில் உட்கார்ந்தபடியே சீராக மிதியுங்கள். எழுந்து நின்று அழுத்தினால் பின் சக்கரம் சுழன்று பள்ளம் தோண்டும்.

குட்டை எதிர்ப்பட்டால் அதன் நடுவில் போங்கள். ஓரமாகச் சுற்றிப் போகிற ஒவ்வொரு சக்கரமும் பாதையைக் கொஞ்சம் அகலமாக்குகிறது. இரண்டு குளிர்காலத்தில் ஓர் ஆள் போகிற தடம் லாரி போகிற அகலமாகிவிடும்.

உறைபனி விழுந்த நாளில் விடியலில் கிளம்புங்கள். இறுகிய மண்ணில் ஓட்டம் அருமையாக இருக்கும், பாதைக்கும் சேதமில்லை. வெயில் ஏறியதும் மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் இளகி, அடியில் கெட்டியாகவே இருக்கும். அந்தக் கூழ் மிகவும் வழுக்கும், பாதை மிக மோசமாகக் கிழிபடுவதும் அப்போதுதான். அதற்குள் திரும்பிவிடுங்கள். மரப்பலகைப் பாலங்களில் கண்ணாடிபோல் பனி படிந்திருக்கும். அங்கே இறங்கித் தள்ளுங்கள்.

டிசம்பர் பிற்பகுதியில் 4 மணிக்குள் சூரியன் மறையும். மரங்களுக்கடியில் அதற்கு முன்பே இருட்டும். மதியம் புறப்பட்டால் ஹேண்டில்பாரில் ஒன்று, ஹெல்மெட்டில் ஒன்று என இரண்டு விளக்கு வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதால் உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். உள்ளாடை பருத்தியில் வேண்டாம், அது வியர்வையைத் தேக்கி உடலைக் குளிரச் செய்யும். மெரினோ கம்பளி நனைந்தாலும் கதகதப்பு தரும்.

கழுவுதல்

சேறு காயுமுன் கழுவுங்கள். ஹோஸ் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பிரஷர் வாஷரை பேரிங், ஹப், ஃபோர்க் சீல் பக்கம் காட்டினால் கிரீஸ் வெளியேறி, தண்ணீர் உள்ளே போகும். சில வாரங்களில் பேரிங் கரகரக்கும். கழுவியபின் செயினை உலர்த்தி எண்ணெய் விடுங்கள். ஸ்ப்ரே எண்ணெயை டிஸ்க் அருகே அடிக்க வேண்டாம், ஒரு சிறு தூவல் பட்டாலும் பேட் வீணாகும்.

இன்னொரு காட்டுக்குப் போகுமுன் கழுவுவது மரங்களுக்காகவும்தான். ஃபைட்டோஃப்தோரா ராமோரம் என்ற நோய்க்கிருமி 2009-இல் தென்மேற்கு இங்கிலாந்தின் லார்ச் மரங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் பல தோட்டங்களை வெட்டிச் சாய்க்க வேண்டியிருந்தது. அது மண்ணோடும் சருகோடும் பயணிக்கும். ஆகவே டயரின் பல்லிடுக்கில் ஒட்டிய சேற்றையும், ஷூவின் அடியில் உள்ளதையும், ஓட்டி முடித்த காட்டின் வாசலிலேயே தட்டிவிட்டு வாருங்கள்.