ஏரி வரைபட அட்டை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் சொந்தப் படகில் ஏரிமீன் பிடிப்பவர்கள், தூண்டிலுக்கு அடுத்தபடியாக நம்புவது படகின் ஜி.பி.எஸ். திரையில் தெரியும் ஆழ வரைபடத்தைத்தான். கட்டைவிரல் நகம் அளவே உள்ள ஒரு மைக்ரோ எஸ்டி அட்டையில் ஒரு மாநிலத்தின் ஏரிகளெல்லாம் அடங்கிவிடுகின்றன. அதன் விலை பெரும்பாலும் நூறு டாலரைத் தாண்டுகிறது. தவறான அட்டையை வாங்கினால் அந்தப் பணம் போவதோடு நிற்பதில்லை. திரையில் பன்னிரண்டு அடி என்று காட்டும் இடத்தில் பாறை நான்கே அடியில் இருந்தால், மோட்டாரின் ப்ரொப்பெல்லர் உடையும். வேகமாகச் சென்றுகொண்டிருந்தால் படகில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. ஆகவே, நிதானமாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய பொருள் இது.

படகிலுள்ள ஜி.பி.எஸ். கருவி எது என்று பார்க்காமல் அட்டையை வாங்குவதே பலர் செய்யும் முதல் தவறு. எந்த அட்டையும் எந்தக் கருவியிலும் வேலை செய்யும் என்ற எண்ணம் இந்தத் துறையில் பொருந்தாது. லேக்மாஸ்டர் வரைபடங்கள் ஹம்மின்பேர்டு கருவிகளுக்கானவை. இரண்டுமே ஜான்சன் அவுட்டோர்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தம். சி-மேப் வரைபடம், லோரன்ஸ் கருவிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. நேவியோனிக்ஸ் என்ற வரைபட நிறுவனத்தை 2017-இல் கருவி தயாரிப்பாளரான கார்மின் வாங்கியது. ஒரே நிறுவனத்தின் பழைய கருவி ஏற்கும் அட்டையைப் புதிய கருவி ஏற்காமல் போவதும், பெரிய கொள்ளளவுள்ள அட்டையைப் பழைய கருவி படிக்க முடியாமல் திணறுவதும் உண்டு. ஆகவே கருவியின் பெயரை மட்டும் சொல்லாமல், மாதிரி எண்ணையும் அதில் உள்ள மென்பொருள் பதிப்பையும் எழுதி வைத்துக்கொண்டு, தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும். மின் கோட்டா (Minn Kota) நிறுவனத்தின் ட்ரோலிங் மோட்டார், அதாவது மீன் பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்தும் சிறிய மோட்டார், வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஆழக் கோட்டை (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) பிடித்துக்கொண்டு படகைத் தானே ஓட்டிச் செல்லும் வசதி, அந்த மோட்டாரோடு இணைந்த ஹம்மின்பேர்டு கருவியில் லேக்மாஸ்டர் வரைபடம் இருந்தால் கிடைக்கும். நேவியோனிக்ஸ் அட்டையைச் செருகினால் கிடைக்காது. அந்த வசதிக்காகவே மோட்டாருக்குக் கூடுதல் விலை கொடுத்தவர்கள், அட்டை வாங்கும்போது அதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, உறையின் மேல் அச்சிட்டிருக்கும் ஏரிகளின் எண்ணிக்கையில் மயங்குவது. ஆயிரக்கணக்கான ஏரிகள் என்று போட்டிருந்தாலும், அவற்றில் பலவற்றுக்குக் கரையோரக் கோடு மட்டுமே இருக்கலாம். நடுவே வெறும் நீல நிறம்தான். நீங்கள் ஆண்டு முழுவதும் மீன் பிடிக்கப் போவது மூன்று அல்லது நான்கு ஏரிகளில்தான். அந்த நான்கின் பெயரும் தயாரிப்பாளரின் பட்டியலில் இருக்கின்றனவா, இருந்தால் அவை நேரடியாக அளக்கப்பட்டவையா என்பதே கேள்வி. எல்லையோர ஏரிகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட லேக் ஆஃப் த வுட்ஸ், மினசோட்டா, ஒன்ராறியோ, மனிடோபா என்று மூன்று நிலப்பகுதிகளில் பரந்து கிடக்கிறது. மாநிலம் வாரியாகப் பிரித்து விற்கப்படும் ஓர் அட்டை, அந்த ஏரியின் எந்தப் பகுதி வரை விவரம் தருகிறது என்பதை வாங்குவதற்கு முன்பே வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும். முக்கிய நிறுவனங்கள் தங்கள் வரைபடங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்க இடம் தருகின்றன. இந்த வசதியைப் பயன்படுத்தாமல் அட்டை வாங்குவதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

அப்படிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது ஆழக் கோடுகளின் இடைவெளி. ஓர் எடுத்துக்காட்டு. ஏரியின் தரை 29 அடி ஆழத்தில் இருக்க, அதில் ஒரு மேடு 21 அடி வரை எழும்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தடிக்கு ஒரு கோடு போட்ட வரைபடத்தில் 20, 30 ஆகிய இரண்டு கோடுகளுக்கும் இடையே அந்த மேடு முழுவதுமாக மறைந்துபோகும். எட்டடி உயர மேடு இருப்பதற்கு ஒரு புள்ளிகூட அடையாளம் இராது. ஓரடிக்கு ஒரு கோடு போட்ட வரைபடத்திலோ அதே மேடு ஏழெட்டு வளையங்களாகத் தெளிவாகத் தெரியும். மீன் கூடுவது பெரும்பாலும் இத்தகைய மேடுகளைச் சுற்றித்தான்.

ஆனால் கோடுகள் நெருக்கமாக இருப்பதாலேயே அவை உண்மை என்று கொள்வதும் தவறு. பல பத்தாண்டுகளுக்கு முன் அரசு ஊழியர்கள் எடுத்த சில அளவுகளை வைத்துக்கொண்டு, இடைப்பட்ட ஆழத்தைக் கணினி கணக்கிட்டு நிரப்பிய கோடுகளும் திரையில் அதே நேர்த்தியோடுதான் காட்சியளிக்கும். வேறுபாட்டைக் கண்ணால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். சீப்பால் வாரியது போலச் சம இடைவெளியில் வழுவழுப்பாக ஓடும் கோடுகள் ஊகத்தால் நிரப்பப்பட்டவையாக இருக்க வாய்ப்பு அதிகம். நெருக்கமான அளவெடுப்பில் பிறந்த கோடுகள் இங்கே நெளிந்து, அங்கே நெருங்கி, திடீரென ஒரு மூக்கை நீட்டி, தரையின் கரடுமுரடைக் காட்டும். நேவியோனிக்ஸின் சோனார்சார்ட் என்ற வரைபடம், பயனர்கள் அனுப்பும் சோனார் (ஒலியலையால் ஆழம் அளக்கும் கருவி) பதிவுகளைக் கொண்டு தொடர்ந்து திருத்தப்படுவது. எனவே படகுகள் நிறையச் செல்லும் ஏரியில் அது செறிவாகவும், ஆள் நடமாட்டமில்லாத ஏரியில் மெலிவாகவும் இருப்பது இயல்பு.

இனி, ஏனையவற்றைவிட முக்கியமானதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதுமான தவறு: வரைபடத்திலுள்ள ஆழம் எந்த நீர்மட்டத்திலிருந்து அளக்கப்பட்டது என்று கேட்காமல் விடுவது. அணை கட்டித் தேக்கிய ஏரிகளின் வரைபடங்கள் பொதுவாக ஏரி நிரம்பிய நிலையை வைத்து வரையப்படுகின்றன. நெவாடா, அரிசோனா எல்லையிலுள்ள மீட் ஏரியின் முழு மட்டம் கடல்மட்டத்திலிருந்து 1,229 அடி. 2022 ஜூலையில் அது சுமார் 1,040 அடிக்கு இறங்கியது. அதாவது, வரைபடம் 180 அடி ஆழம் என்று காட்டிய இடம் அன்று காய்ந்த தரை. அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள பேரேரிகளில் (Great Lakes) மரபு இதற்கு நேர்மாறானது. அங்கே அரசு வரைபடங்கள் தாழ்ந்த நீர்மட்டம் ஒன்றை அடிப்படையாகக் கொள்கின்றன. கடல்மட்டத்திலிருந்து ஒன்ராறியோ ஏரிக்கு அது 74.2 மீட்டர், மிச்சிகன்-ஹூரான் ஏரிகளுக்கு 176 மீட்டர். எனவே பெரும்பாலான நாட்களில் உண்மையான ஆழம் வரைபடத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். பெரும்பாலான நாட்களில் என்றுதான் சொல்ல முடியும். 2013 ஜனவரியில் மிச்சிகன்-ஹூரான் அந்த அடிப்படை மட்டத்துக்கும் கீழே போனது. ஹூரான் ஏரியின் பாறைகள் நிறைந்த பகுதியான ஜார்ஜியன் விரிகுடாவில் அத்தகைய காலத்தில் வரைபடத்தின் எண்ணை அப்படியே நம்புவது பேராபத்து.

இந்த இரண்டு மரபுகளையும் அறியாதவர், ஒரு ஏரியில் பழகிய நம்பிக்கையை அடுத்த ஏரிக்கும் கொண்டுபோகிறார். லேக்மாஸ்டரில் இன்றைய நீர்மட்ட வேறுபாட்டைப் பதிவு செய்து எல்லா ஆழங்களையும் ஒரே நேரத்தில் திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. தேக்க நீர் ஏரிகளுக்குப் போகிறவர்கள் அந்த வசதி உள்ள அட்டையையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குறிப்பிட்ட ஆழத்தை வண்ணமிட்டுக் காட்டும் வசதியும் இதைச் சார்ந்ததே: நீர் ஆறடி குறைந்திருக்கும்போது திருத்தாமல் 12 முதல் 15 அடி வரை வண்ணமிட்டால், உண்மையில் 6 முதல் 9 அடி ஆழமுள்ள இடத்தில்தான் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

சிறிய தவறுகள் சிலவும் உண்டு. புதிய கருவிகள் பலவற்றில் ஏரி வரைபடங்கள் ஏற்கெனவே ஏற்றப்பட்டே வருகின்றன. அதைப் பார்க்காமல் அதே விவரத்தை மீண்டும் விலைக்கு வாங்க வேண்டாம். ஏற்கெனவே வேறொருவர் பயன்படுத்திய அட்டை மலிவாகக் கிடைத்தாலும், முதல் உரிமையாளரின் கணக்கில் பதிவாகியிருந்தால் புதுப்பிப்புகள் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். வரைபடக் கோப்புகள் அந்த அட்டையோடு பூட்டப்பட்டவை என்பதால், கணினியில் நகலெடுத்து இன்னொன்றில் போட்டால் வேலை செய்யாது. கருவியோ கணினியோ அட்டையை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால் ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. புதுப்பிப்புக்கான சந்தா எத்தனை மாதங்களுக்கு என்பதையும், அது முடிந்தபின் வரைபடம் தொடர்ந்து இயங்குமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் சிற்றேரி எந்த அட்டையிலும் சரியாக அளக்கப்படவில்லை என்றால், அட்டை வாங்காமலே இருப்பதும் நல்ல முடிவுதான். ஹம்மின்பேர்டின் ஆட்டோசார்ட் லைவ், கார்மினின் குவிக்டிரா, லோரன்ஸின் ஜெனிசிஸ் லைவ் ஆகியவை, படகு செல்லச் செல்ல ஆழத்தைப் பதிந்து உங்களுக்கென்று ஒரு வரைபடத்தை வரைந்து தருகின்றன. ஆட்டோசார்ட் லைவில் கருவிக்குள்ளேயே எட்டு மணி நேரம் பதியலாம்.

அட்டை வாங்கியாயிற்று என்றால், முதல் நாள் மீன் பிடிக்கப் போகாதீர்கள். காற்றில்லாத காலையில் படகுத்துறையை விட்டு மெதுவாகக் கிளம்பி, நன்கு தெரிந்த மூன்று இடங்களில் நின்று, வரைபடம் சொல்லும் ஆழத்தையும் சோனார் காட்டும் ஆழத்தையும் ஒரு தாளில் அருகருகே எழுதுங்கள். சோனார் காட்டும் எண் நீர்ப்பரப்பிலிருந்தா, நீருக்குள் ஓரடி கீழே பொருத்தப்பட்ட, ஒலியலையை அனுப்பிப் பெறும் டிரான்ஸ்டியூசரிலிருந்தா என்பதை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். மூன்று இடங்களிலும் வேறுபாடு ஒரே அளவாக இருந்தால் அது நீர்மட்டம், திருத்திக்கொள்ளலாம். இடத்துக்கு இடம் மாறினால், அந்த ஏரியைப் பொறுத்தவரை அந்த அட்டையின் அளவுகள் துல்லியமானவை அல்ல. பாறைகளுக்கு அருகே வேகத்தைக் குறைத்து, சோனாரைப் பார்த்தபடியே செல்லுங்கள்.