அரசாணை நம்பரைப் பிடிங்க: சட்டம் நம்ம தெருவுக்கு வந்து சேரும் வழி

திசையன்விளை பக்கம் பதனி குடித்திருக்கிறீர்களா? ஓலைப்பட்டையில் ஊற்றி, ரெண்டு நுங்கைக் கீறிப் போட்டுத் தருவார்கள். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதனி, காய்ச்சினால் கருப்பட்டி. தடவாமல் விட்டால் புளித்துக் கள்ளாகிவிடும், கள் இறக்குவது தமிழ்நாட்டில் 1987 முதல் குற்றம். அதே பனை, அதே பாளை, ஏறுகிறவரும் அதே அண்ணாச்சிதான், ஆனால் ஒரு விரல் சுண்ணாம்பைப் பொறுத்து அவர் வியாபாரியா கேஸ் வாங்குகிறவரா என்று ஆகிறது. புளியரை தாண்டிக் கேரளாவுக்குள் போய்விட்டால் கள்ளுக்கடைக்கு லைசென்ஸே உண்டு.

திருநெல்வேலியில் எங்கள் தெருவில் மனு எழுதித் தருகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. காசு வாங்குவதில்லை, டீ வாங்கித் தந்தால் குடிப்பேன். வருகிறவர்கள் எல்லாரும் "புதுச் சட்டம் வந்திருக்காம்லா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். என்ன சட்டம், யார் போட்டது, எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த மூன்றையும் கண்டுபிடிப்பது எப்படி, பிடித்த பிறகு என்ன செய்வது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். டெல்லியிலோ சென்னையிலோ நிறைவேறுவது சட்டம். அதை எப்படி நடத்துவது என்று எழுதுவது விதிகள். இந்தத் தேதி முதல், இவ்வளவு ரூபாய், இந்த அதிகாரி என்று முடிவு செய்வது பெரும்பாலும் அரசாணை. நம் சட்டைப்பையில் கை வைப்பது இந்தக் கடைசித் தாள்தான். ஹெல்மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை ஏற்றியது 2019-ல். ஆனால் எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டையில் போலீஸ் 100 ரூபாய்க்குப் பதில் 1000 ரூபாய் கேட்க ஆரம்பித்தது 2022 அக்டோபரில், ஏனென்றால் தமிழ்நாட்டு அரசாணை அப்போதுதான் வந்தது. நடுவில் மூன்று வருடம் வாட்ஸப்பில் "இன்று முதல் ஆயிரம்" என்று சுற்றியதெல்லாம் புரளி. ஆகவே செய்தியைப் பார்த்ததும் "நிறைவேறியது" என்கிற சொல்லை விட்டுவிட்டு "அமலுக்கு வரும் நாள்" எது என்று தேடுங்கள்.

அரசாணைக்கு ஒரு முகவரி உண்டு. பிளாஸ்டிக் தடைக்கு அது இப்படி இருக்கும்: அரசாணை (நிலை) எண் 84, சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறை, நாள் 25.06.2018. எண், துறை, தேதி, இந்த மூன்றும் போதும், தமிழக அரசின் இணையதளத்தில் துறைவாரியாகத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். மத்தியச் சட்டங்களுக்கு இந்தியா கோட் என்ற தளம் இருக்கிறது. எடுத்ததும் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள். முன்னுரையில் பழைய கடிதங்களின் தேதியாக வரும், அதைத் தாண்டி விதிவிலக்குப் பத்திக்குப் போங்கள், சங்கதி அங்கேதான் இருக்கும். அந்த 84-ஆம் எண்ணில் கேரிபேக், ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தடை, பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப் உட்பட. ஆனால் பால், எண்ணெய், மருந்து உறைகளுக்கு அப்போது விலக்கு கொடுத்திருந்தார்கள். டவுனில் அல்வாக் கடைக்காரர் ஒருவர் "எனக்கு மட்டும் ஏன், பால்காரனுக்கு ஏன் இல்ல?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். பத்தியைக் காட்டினேன். திட்டிக்கொண்டே வாழையிலைக்கு மாறினார், அல்வா வாசம் இப்போது கூடுதல் என்று வாடிக்கையாளர்களே சொல்கிறார்களாம்.

தேதியும் தொகையும் தெளிவாக இருந்தும் தெருவுக்கு முழுதாக வந்து சேராத சட்டமும் உண்டு. பொது இடத்தில் புகை பிடிக்கத் தடை வந்தது 2008 அக்டோபர் 2, அபராதம் 200 ரூபாய் வரை. இங்கிலாந்தில் 2007 ஜூலை 1-ல் பப்புகளுக்குள் நிறுத்தியபோது குடிக்க வந்தவர்கள் சிகரெட்டுக்காக வாசலுக்கு வந்து நின்றார்கள். நம் டீக்கடை பாதி வாசலில்தான் இருக்கிறது, அதனால் அது என்னமோ இன்னும் முழுதாக அமலாகவில்லை. சரி, அதை விடுங்கள்.

டாஸ்மாக் கடைக்கு வருவோம், ஏனென்றால் என்னிடம் வருகிற மனுக்களில் பாதி அதுதான். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-ல் தீர்ப்புச் சொன்னது. சின்ன ஊர்களுக்கு, அதாவது 20,000 பேருக்கு மேல் இல்லாத இடங்களுக்கு, பிறகு அதை 220 மீட்டர் ஆக்கினார்கள். நல்ல தீர்ப்புதான், ஆனால் நான்குவழிச் சாலையோரம் இருந்த கடை ஒன்று 2017-ல் என் அத்தை ஊரில் வாய்க்கால் கரைப் பாதைக்கு வந்துவிட்டது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற பாதை. பெண்கள் எல்லாம் கடை முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அத்தை என்னைக் கூப்பிட்டு, "ஏல, நல்லா காரசாரமா ஒரு மனு எழுதித் தா" என்றாள்.

காரம் வேலைக்கு ஆகாது. குடியால் குடும்பம் அழிகிறது என்று நாலு பக்கம் எழுதினால் அது உண்மையாக இருந்தாலும் "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு சீட்டு வரும், அவ்வளவுதான். 2003-ஆம் ஆண்டு மதுபான சில்லறை விற்பனை விதிகளில், பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் கடைக்கும் நடுவே மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நாங்கள் மனுவை ஐந்தே வரியில் எழுதினோம்: இது ஊராட்சிப் பகுதி, பள்ளிக்கூடம் இன்ன வருடம் தொடங்கியது, கடை இன்ன தேதியில் வந்தது, தூரம் 100 மீட்டருக்குக் குறைவு, அளந்து பார்த்து அறிக்கை தரவும். பள்ளிக்கூடம் தொடங்கிய வருடத்தை ஏன் போட்டோம் என்றால், கடை வந்த பிறகு பள்ளிக்கூடமோ கோயிலோ கட்டினால் இந்த விதி பொருந்தாது. கோபத்தில் கடைக்கு எதிரே பிள்ளையார் வைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கூடவே கிராம சபைத் தீர்மானத்தின் நகலையும் வைத்தோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும், 2022-லிருந்து மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்திருக்கின்றன. மனு போன மூன்றாவது மாதம் கடை இடம் மாறியது. எங்கே போனது என்று கேட்காதீர்கள், இன்னொரு ஊரில் இன்னொரு அத்தை உட்கார்ந்திருப்பாள்.

இனி ஆஸ்பத்திரி. இதில் தாளைப் பிடிக்கத் தவறியது நானேதான். என் மச்சான் கங்கைகொண்டான் பக்கம் பைக்கிலிருந்து விழுந்தான். ஒரு லாரிக்காரர் தூக்கிக்கொண்டு போய் அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் இறக்கிவிட்டு, போலீஸ் கேஸுக்குப் பயந்து பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அவர் பயந்திருக்க வேண்டியதில்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவின்படி அடிபட்டவரைத் தூக்கி வருகிறவர் மீது வழக்கு வராது, விருப்பம் இல்லாவிட்டால் பெயர் சொல்லவும் வேண்டாம். இதை எல்லா டிரைவர்களுக்கும் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் 50,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்டார்கள். 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18-லேயே வந்துவிட்டதே, விபத்துக்குப் பிறகு முதல் 48 மணி நேரம் இலவசம்தானே, அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று பார்ப்பதில்லையே என்று அடுக்கினேன். ரிசப்ஷனில் இருந்த தங்கச்சி, "எங்க ஆஸ்பத்திரி அந்த லிஸ்ட்ல இல்லண்ணே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. எண்ணும் தேதியும் எனக்குத் தலைகீழாகத் தெரியும், பட்டியலை மட்டும் பார்த்து வைக்கவில்லை. பிறகு 108-ல் ஏற்றி ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், ஒரு மணி நேரம் வீண். பிழைத்துக்கொண்டான், இப்போது ஹெல்மெட்டும் போடுகிறான்.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை: உங்கள் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே உள்ள மருத்துவமனைகளில் எவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று பார்த்து போனில் குறித்து வையுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் இதேதான். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும், வருடத்துக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்டக் கலெக்டர் ஆபீஸ் போங்கள், எங்களுக்கு அது கொக்கிரகுளத்தில் இருக்கிறது. அட்டை இருந்தும் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மருத்துவமனை பட்டியலில் இருக்கும், அவர்களுடைய நோய்க்கான சிகிச்சை அந்த மருத்துவமனைக்கு அனுமதிக்கப்பட்டிருக்காது. சேரும் முன்பு இரண்டையும் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அடியுங்கள்.

எதுவும் கிடைக்கவில்லை, அரசாணை எண்ணும் தெரியவில்லை, அலுவலகத்தில் "அப்படி ஒண்ணும் வரல" என்கிறார்கள் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். மாநில அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டினால் போதும். பெறுநர் 'பொதுத் தகவல் அலுவலர்' என்று போட்டு அலுவலகத்தின் பெயரை எழுதுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. "ஏன் செய்யவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள், அது சண்டை, அதற்குப் பதில் வராது. "இன்ன பொருள் பற்றிய அரசாணையின் நகல் தருக", "தூரம் அளந்த அறிக்கையின் நகல் தருக" என்று தாளைக் கேளுங்கள். 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆன பிறகும் சங்கரன்கோவில்காரர்கள் பழக்கத்தில் கொக்கிரகுளத்துக்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். அதுவும் வீணாகாது, தவறான அலுவலகத்துக்குப் போன மனுவை ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள் (பழைய பதிவுத் தபாலை 2025-ல் அதோடு சேர்த்துவிட்டார்கள்), ஒப்புகை வந்ததும் மனுவின் நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும், அதற்கு ஸ்டாம்பு தேவையில்லை. அப்படியும் வரவில்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு மேல்முறையீடு போன வாரத்திலேயே நகல் வந்துவிட்டது. வந்ததும் முதலில் விதிவிலக்குப் பத்தியைத் தேடுங்கள்.