கெட்ட தோழியை வைத்து சிட்காம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பளபளக்கும் உடை, கூசாமல் பொய் சொல்லும் வாய், யாரையும் ஏய்க்கும் துணிச்சல். இப்படியொரு பெண்ணை நடுவில் நிறுத்திப் புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அதைப் புரிந்துகொள்ள 'டோன்ட் டிரஸ்ட் தி பி இன் அபார்ட்மெண்ட் 23' நல்ல பாடம். நானாட்ச்கா கான் உருவாக்கி, அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 2012 ஏப்ரலில் தொடங்கிய இந்த நகைச்சுவைத் தொடர் 26 எபிசோடுகளோடு நின்றுபோனது.

நல்லவளை அடிவாங்க மட்டும் விடுவது

இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். நல்ல வசனமெல்லாம் கெட்டவளுக்கே போகும். நல்லவள் அழுவாள், பொறுப்பாள், மன்னிப்பாள். மூன்றாவது எபிசோடில் சிரிப்பு வற்றி, 'பாவம் அந்தப் பொண்ணு' என்பது மட்டும் மிஞ்சும்.

அபார்ட்மெண்ட் 23-இன் பைலட்டை, அதாவது முதல் எபிசோடைக் கவனியுங்கள். இண்டியானாவிலிருந்து வேலைக்காக நியூயார்க் வரும் நல்லவள் ஜூனுக்கு, வந்ததுமே கம்பெனி கவிழ்ந்து, வீடும் போகிறது. கெட்டவளான க்ளோயியின் வீட்டில் அறை எடுக்கிறாள். புது ரூம்மேட்டிடம் வாடகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அவள் ஓடும்வரை படுத்துவதுதான் க்ளோயியின் பிழைப்பு. ஜூன் ஓடவில்லை. பதிலுக்கு அவளே க்ளோயியின் வீட்டுச் சாமான்களை விற்றுவிடுகிறாள். அந்த நிமிடத்திலிருந்து இருவரும் சம எடை.

அதன் பிறகுதான் க்ளோயியின் மிகக் கேவலமான செயல் வருகிறது. ஜூனுக்கு நிச்சயமானவன் துரோகி என்று நிரூபிக்க, அவனோடு தானே படுக்கிறாள், அதுவும் ஜூனின் பிறந்தநாள் கேக்கின் மேல்! வழி அசிங்கம், ஆனால் தகவல் உண்மை. சாமான் விற்கும் சீனை எடுத்துவிட்டுப் பாருங்கள்: கேக் சீன் வெறும் கொடுமையாகிவிடும்.

ஆகவே 22 நிமிட எபிசோடு என்றால், பதினோராம் நிமிடத்துக்குள் நல்லவள் திருப்பி அடிக்க வேண்டும். வசனத்தால் அல்ல, செயலால். அந்த அடியில் கெட்டவளுக்குப் பணமோ பொருளோ மானமோ போக வேண்டும். எழுதி முடித்ததும் நல்லவளின் வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். அழுகிறாள், கேட்கிறாள், திகைக்கிறாள் என்று மட்டும் இருந்தால் அந்த டிராஃப்ட்டை முதலிலிருந்து எழுதுங்கள்.

கடைசி சீனில் திருந்த வைப்பது

வேண்டவே வேண்டாம். அடுத்த எபிசோடுக்குக் கதை இருக்காது.

எல்லோரையும் ஏமாற்ற விடுவது

அவள் ஏய்க்காத ஆள் ஒருவராவது வேண்டும். இங்கே அது ஜேம்ஸ் வான் டெர் பீக். 'டாசன்ஸ் க்ரீக்' என்ற பழைய டிவி தொடரில் கிடைத்த புகழை விட்டு இறங்காத நடிகராக, தன் பெயரிலேயே வருகிறார். அவர் பக்கத்தில் க்ளோயி உண்மையான தோழி.

எபிசோடு வரிசையைக் காக்காமல் விடுவது

முதல் சீசனுக்கு எடுத்த எபிசோடுகளில் மிச்சமானவற்றை இரண்டாம் சீசனுக்குள் கலந்து ஒளிபரப்பினார்கள். ஜேம்ஸ் நடனப் போட்டிக்குப் போகும் தொடர்கதை நடுநடுவே அறுந்தது. 2013 ஜனவரியில் சேனல் தொடரைத் தூக்கியபோது 8 எபிசோடுகள் ஒளிபரப்பாகாமலே கிடந்தன.

வரிசை எழுத்தாளர் கையில் இருப்பதில்லை. அதனால் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டின் முதல் பக்கத்திலும் மூன்று வரி எழுதுங்கள்: யாருக்கு என்ன வேலை, யாரோடு யார், பணம் யாரிடம். முந்தைய எபிசோடிலிருந்து இதில் ஏதாவது மாறியிருந்தால், 'இடம் மாற்றக் கூடாது' என்று சிவப்பில் குறித்துக் கொடுங்கள். மாறாதவற்றை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.