பெயர்ப்பட்டை வெளுத்த தொட்டிகள்: இலையுதிர்காலக் குரோக்கஸை இனம் கண்டு வளர்ப்பது

பிளாஸ்டிக் பட்டையில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியது என் தப்பு. இரண்டு கோடை வெயில் பட்டதும் எழுத்து அத்தனையும் வெளுத்து, 23 குரோக்கஸ் தொட்டியும் ஒரே முகமாக நின்றன. ஜூலை மாதம், இலை காய்ந்து உதிர்ந்தாயிற்று, பூவுக்கு இன்னும் இரண்டு மாதம். வேறு வழியில்லாமல் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, கிழங்குகளைச் செய்தித்தாளில் பரப்பி, ஒரு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். அந்த மத்தியானம் புரிந்தது: குரோக்கஸ் விஷயத்தில் இதழின் நிறம் நம்பத்தகாத சாட்சி. ஊதா என்றால் வெளிர் ஊதாவும் உண்டு, அதே இனத்தில் வெள்ளையும் உண்டு. கிழங்கு போட்டிருக்கும் சட்டை (அதைப் போர்த்தியிருக்கும் காய்ந்த மேல்தோல்), மகரந்தப்பையின் நிறம், பூக்கும்போது இலை இருக்கிறதா இல்லையா என்பது, இந்த மூன்றும் அவ்வளவு சுலபத்தில் ஏமாற்றாது.

குரோக்கஸ் என்றால் பனி உருகும்போது எட்டிப்பார்க்கும் வசந்தகாலப் பூ என்றே பலரும் நினைக்கிறார்கள். செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் வரை பூக்கிற கூட்டம் தனியாக இருக்கிறது. குங்குமப்பூ அந்தக் கூட்டத்தில் ஒன்று. (நான் சொல்லும் மாதங்கள் பூமியின் வடபாதிக்கு, தென்பாதியில் இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.)

மூன்றா, ஆறா?

எதற்கும் முன்னால் மகரந்தத்தாள்களை எண்ணுங்கள். குரோக்கஸுக்கு மூன்றுதான். ஆறு இருந்தால் அது கோல்ச்சிகம். அதையும் ‘இலையுதிர்காலக் குரோக்கஸ்’ என்றே பல இடங்களில் விற்கிறார்கள். குழப்பத்துக்கெல்லாம் மூலகாரணம் இந்தப் பெயர்தான். கோல்ச்சிகம் நம் செங்காந்தளின் குடும்பம். கண்வலிக்கிழங்கில் இருக்கும் அதே கோல்கிசின் நஞ்சு இதிலும் வேரிலிருந்து விதை வரை இருக்கிறது. குரோக்கஸோ ஐரிஸ் குடும்பம். ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை, உறவுமில்லை. குங்குமப்பூ எடுக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் எண்ணிப் பார்க்காமல் ஒரு பூவையும் கிள்ளக்கூடாது.

பூ இல்லாத நேரத்திலும் வித்தியாசம் தெரியும். கோல்ச்சிகத்தின் கிழங்கு பெரியது, கோணல்மாணலானது. வசந்தத்தில் வரும் இலை கையகலம் விரியும். குரோக்கஸ் இலை புல் மாதிரி ஒல்லியாக, நடுவில் ஒரு வெள்ளிக்கோடு ஓடும். பளிச்சென்ற மஞ்சள் பூவாக, ஆறு தாளோடு இருந்தால் அது ஸ்டெர்ன்பெர்கியா, அமரில்லிஸ் குடும்பம். அழகுதான், ஆனால் இந்தக் கதையில் வராது.

ஒரு பூவைத் தியாகம் செய்யத் துணிந்தால் இன்னொன்றையும் பார்க்கலாம். பூவைத் தாங்கும் வெள்ளைக் ‘காம்பு’ காம்பே அல்ல. இதழ்கள் ஒன்றுகூடிய குழல். நான் ஸ்பெசியோசஸ் என்ற குரோக்கஸ் இனத்தின் பூ ஒன்றின் குழலை ஒட்டி விரலால் மண்ணைத் தோண்டிக்கொண்டே போனேன். கிழங்குக்குப் பக்கத்தில், மண்ணுக்குள்ளேயே சூற்பை உட்கார்ந்திருந்தது, அரிசிமணியை விடச் சற்றுப் பெரிதாக. சூற்பை உறைபனிக்குத் தப்பிக் கீழே பத்திரமாக இருக்கிறது. விதைக்கூடு மட்டும் வசந்தத்தில் மெல்ல மேலே ஏறி மண்மட்டத்துக்கு வரும். மழையடித்தால் இந்தப் பூக்கள் ஏன் பொத்தென்று சாய்ந்துவிடுகின்றன என்பதும் அப்போதுதான் விளங்கியது. தாங்குவதற்குத் தண்டே இல்லையே! குட்டையான புல்லுக்கோ தரையில் படரும் செடிக்கோ நடுவே நட்டால் அவை முட்டுக்கொடுக்கும்.

கிழங்கின் சட்டை

செய்தித்தாளில் கிடந்தவற்றை இப்படித்தான் இனம் இனமாகப் பிரித்தேன். தேங்காய்க் குடுமி போல உச்சியில் மெல்லிய நார் கற்றையாக நின்றது குங்குமப்பூ, அதாவது சட்டைவஸ். நார் தடித்து மீன்வலை மாதிரிப் பின்னியிருந்தது கேன்செலாட்டஸ்; பெயருக்கே கம்பியழி போட்டது என்றுதான் பொருள். முட்டை ஓடு போல வழவழப்பாக, கெட்டியாக, நகத்தால் தட்டினால் ‘டக்’கென்று சத்தம் வருகிற சட்டை குலிமிக்கும் லேவிகேட்டஸுக்கும் உண்டு. சட்டையின் அடிப்பகுதி வளையம் வளையமாகக் கழன்று வந்தால் ஸ்பெசியோசஸ் அல்லது புல்கெல்லஸ். தட்டையாக, உருக்குலைந்து, மண்ணில் பக்கவாட்டில் படுத்துக்கிடந்தால் பெரும்பாலும் கோட்சியானஸ். மண்ணுக்கடியில் கொடிபோல ஓடி, நுனியில் குட்டிக்கிழங்கு வைத்திருந்தால் நூடிஃப்ளோரஸ். பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில் உள்ள பிரெனே மலைப்பகுதியைச் சேர்ந்த இந்த இனம் புல்வெளியில் தானாகவே பரவும்.

சட்டை உரித்துப் பார்க்க ஜூன், ஜூலைதான் நேரம். அந்த வருடக் கிழங்கு பழைய கிழங்கின் தலைமேல் புதிதாக உருவாகியிருக்கும். கீழே ஒட்டியிருக்கும் காய்ந்த வில்லைதான் பழசு. அதைக் கிள்ளி எறிந்துவிடலாம்.

பூ விரிந்த பிறகு

23 தொட்டியில் 14-க்கு அன்றே பெயர் கிடைத்தது. மற்றவற்றுக்காக செப்டம்பர் வரை காத்திருந்தேன்.

சட்டையால் பிரிக்கமுடியாத ஜோடிகளை மகரந்தப்பை பிரித்துவிடும். ஸ்பெசியோசஸுக்கு மஞ்சள், புல்கெல்லஸுக்கு வெள்ளை. புல்கெல்லஸின் தொண்டையில் அடர் மஞ்சளும் இருக்கும். ஸ்பெசியோசஸில் அது கிடையாது, மாறாக இதழெங்கும் கருநீல நரம்புகள் ஓடும். அதேபோல குலிமிக்கு மஞ்சள், லேவிகேட்டஸுக்கு வெள்ளை. குலிமி தெற்கு கிரேக்கத்தின் பெலொபொனீஸ்காரன். தாவரவியலார் அதற்குப் பெயர் வைத்ததே 1955-இல்தான். நீளக்குழலின் மேல் உருண்டைக் கிண்ணம் வைத்தாற்போலப் பூக்கும். லேவிகேட்டஸுக்கு நல்ல வாசனை. எல்லாம் ஓய்ந்தபிறகு டிசம்பரில்கூடப் பூக்கும் என்பதால் என் செல்லம் அதுதான்.

கோட்சியானஸை ஒருமுறை பார்த்தால் மறக்காது: வெளிர் ஊதா, ஒவ்வோர் இதழின் அடியிலும் இரண்டிரண்டு மஞ்சள் பொட்டு, சேர்த்துப் பார்த்தால் தொண்டையைச் சுற்றி ஒரு மாலை. குங்குமப்பூ என்று சொல்லி எனக்கு ஒருவர் விற்ற பத்துக் கிழங்கும் இதுவாகத்தான் முளைத்தன! இலையே இல்லாமல் பூ மட்டும் வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பொட்டில்லாமல் தொண்டை வெள்ளையாக இருக்கும் வகையும் உண்டு. அதைக் கர்தூகோரம் என்ற வேறோர் இனத்தின் பெயரில் வெகுகாலமாக விற்றுவருகிறார்கள்.

சட்டைவஸுக்கு இலை பூவோடு சேர்ந்தே வரும். சிவந்த சூல்முடி மூன்றும் இதழ்களுக்கு வெளியே சரிந்து தொங்கும். இன்னொரு சோதனை: விதைக்கூடு வந்தால் அது சட்டைவஸ் இல்லை. ஒவ்வொரு குரோமோசோமும் மும்மூன்றாக இருக்கும் மலட்டுச் செடி அது, கிழங்கால் மட்டுமே பெருகும். விதை வைத்தால், அதன் மூதாதையான கிரேக்கக் காட்டினம் கார்ட்ரைட்டியானஸாக இருக்கலாம்.

மூன்று இதழ் பெரிதாகவும் உள்ளே மூன்று இதழ் சிறிதாகவும் ஐரிஸ் போலத் தெரிந்தால், சூல்தண்டும் ஊதாவாக இருந்தால், யோசிக்கவே வேண்டாம், பனாட்டிகஸ். சாயங்காலம் எல்லாப் பூவும் மூடிக்கொண்டபிறகும் ஒன்று மட்டும் விரிந்தே நின்றால், அதன் மகரந்தப்பையும் வெள்ளையானால், டூர்னெஃபோர்ட்டி.

நடுவது

ஆகஸ்டில், கிழங்கு கைக்கு வந்த அன்றே நடுங்கள். தாமதித்தால் பைக்குள்ளேயே மொட்டு விடும். தரையில் 8 முதல் 10 செ.மீ. ஆழம், குங்குமப்பூவுக்கு இன்னும் சற்று ஆழமாக. இடைவெளி ஒரு கட்டைவிரல் நீளம். நீர் தேங்காத மண் வேண்டும். தொட்டிக்கு நான் தோட்டமண், இலைமட்கு, பருமணல் மூன்றையும் சமமாகக் கலக்கிறேன். செப்டம்பர் தொடக்கத்தில் ஒருமுறை நன்றாக நனையும்படி ஊற்றினால் வேர்விடும்; அதுவரை சொட்டுத் தண்ணீர் வேண்டாம்.

கோடையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வெளியே காய்ந்து சருகாகத் தெரிந்தாலும் கிழங்குக்குள் பூ உருவாவது அப்போதுதான். குங்குமப்பூவுக்கு அதற்கு 23 முதல் 27 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு 17 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால்தான் பூ வெளியே வரும். நிழலில், ஈரத்தில் வைத்துவிட்டு ‘இலை மட்டும்தான் வருகிறது’ என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை. வருடம் முழுக்க வெயில் கொளுத்தும் இடத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல். குளிர் இல்லாமல் இவை நிலைக்காது.

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் காயப்போடவும் கூடாது. சட்டைவஸ், குலிமி, கேன்செலாட்டஸ் மூன்றும் கோடையில் சூட்டையும் வறட்சியையும் கேட்கும். பனாட்டிகஸும் நூடிஃப்ளோரஸும் ஈரமலைச் செடிகள். எலும்பாகக் காய்ந்தால் செத்துவிடும். பனாட்டிகஸ் ஒரு தொட்டியை அப்படித்தான் இழந்தேன். தொடங்குகிறவர்களுக்கு ஸ்பெசியோசஸ் போதும். எதையும் பொறுத்துக்கொள்ளும், குட்டிக்கிழங்கும் தாராளமாக வைக்கும்.

எலி மோப்பம் பிடித்து வரும். நட்ட இடத்தின்மேல் கம்பிவலை விரித்து, அதன்மேல் ஒரு விரற்கடை மண் போடுங்கள். பூ முடிந்ததும் இலையை வெட்டாதீர்கள், முடிச்சும் போடாதீர்கள். அடுத்த வருடக் கிழங்கை அதுதான் சமைக்கிறது. குளிர் தணியும்போது பொட்டாஷ் மிகுந்த திரவ உரம் இரண்டு தடவை போதும். இதழில் திட்டுத்திட்டாக நிறம் சிதறி, பூ முறுக்கிக்கொண்டு வந்தால் அது வைரஸ். தொட்டியோடு அப்புறப்படுத்துங்கள், இரக்கம் பார்க்காதீர்கள்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம், மூன்று நான்கு வருடம் பொறுக்க முடிந்தால். கூடு வெடிக்கும் முன் எடுத்து, அந்த இலையுதிர்காலத்திலேயே விதைத்துவிட வேண்டும். என்னிடம் இப்போது அப்படி ஒரு தொட்டி இருக்கிறது, லேவிகேட்டஸ், இரண்டாம் வருடம், தலைமயிர் போல ஒற்றை இலைகள். அதில் இரண்டு பட்டை வைத்திருக்கிறேன்: ஒன்று மேலே, இன்னொன்று மண்ணுக்குள் விதைகளுக்குக் கீழே. இரண்டும் பென்சிலால் எழுதியவை.